வட்டமாகத் தேய்க்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வெயில் நன்றாக ஏறி, காரின் கூரையில் கை வைக்க முடியாதபடி சுட ஆரம்பித்த பிறகுதான் தையல் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவாள். சூடேறிய காரைக் கழுவக் கூடாது. சோப்பு நீர் அங்கங்கே காய்ந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். அப்புறம் யார் வந்து தேய்த்தாலும் போகாது. இது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்துதான் பதினோரு மணி.

வாளி ஒன்றுதான். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் அலச நல்ல தண்ணீர் என்று இரண்டு வாளி வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த மண்ணையே திரும்பத் திரும்பப் பெயிண்ட் மேல் இழுத்துக்கொண்டிருப்போம் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வாளியில் பாத்திரம் தேய்க்கிற தூளை இரண்டு கை அள்ளிப் போடுவாள். கரி பிடித்த சட்டிக்கு வைத்திருக்கும் பச்சை நாரை எடுத்துக்கொள்வாள். தொடங்குவதற்கு முன் நிமிர்ந்து மேலே பார்ப்பாள்.

மேலே, முதல் மாடிப் பால்கனியில், சக்கர நாற்காலியில் அவளுடைய கணவர். அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, தலை வாரி, சினிமாவுக்குக் கூட்டிப்போவது போலத் தயார் செய்து, கம்பியை ஒட்டி வைத்துவிட்டுத்தான் இறங்கியிருப்பாள். பால்கனி குறுகல். நாற்காலி பக்கவாட்டில்தான் நுழையும். அவருக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், வலப்புறம் கம்பி, கம்பிக்குக் கீழே கார். அவர் இருக்கிறார் என்று உறுதியானதும் தேய்க்கத் தொடங்குவாள், வட்டம் வட்டமாக.

"மெதுவா," என்று மேலிருந்து குரல் வரும். "மெதுவா... மெதுவா..."

அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

நியாய அநியாயம் பேச வந்தவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். இது நல்லவள் ஒருத்தியின் கதை அல்ல. ஆனால் அவள் கெட்டுப்போன விதத்தைச் சொல்ல வேண்டும், அதற்குக் காரைச் சொல்ல வேண்டும்.

அவரைக் குடியிருப்பில் எல்லோரும் கார்காரர் என்பார்கள். வேலை என்னவோ எடை அளவு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஆனால் அவரிடம் கார் இருந்தது என்பதைவிடக் காரிடம் அவர் இருந்தார் என்பதே சரி. கருநீலம், நான்கு கதவு, அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் மூத்தது. இப்போதைய கார்களுக்கு நிறத்தின் மேலே கண்ணாடி போல இன்னொரு பூச்சு உண்டு. அதற்கு அது கிடையாது. நிறம்தான் வெளித்தோல். பாலிஷ் போட்டால் துணியில் நீலம் ஏறும்.

"இது உயிருள்ள பெயிண்ட். ஒவ்வொரு தடவை தேய்க்கிறப்பவும் கொஞ்சம் செத்துப்போகுது. அதனால எதைப் போடுறோம்னு தெரிஞ்சு போடணும்," என்பார்.

வீட்டில் உயரமான அலமாரி அவருடைய டப்பாக்களுக்கு. அவளுடைய நூல்கண்டும் பொத்தான் பெட்டியும் கட்டிலுக்கு அடியில். கழுவ, காரம் இல்லாத ஷாம்பு, வாளிக்கு இரண்டு மூடி, இன்ஸ்பெக்டர் அல்லவா, அளந்துதான் ஊற்றுவார். ஒட்டிய தூசை எடுக்க மாவு போலப் பிசைகிற களிமண் கட்டி. பழைய பெயிண்டுக்கென்றே உள்ள, பால் போன்ற மென்மையான பாலிஷ். அதன் மேல் மஞ்சள் மெழுகு. ரப்பருக்கு எண்ணெய் சேராத திரவம், குரோம் கம்பிகளுக்கு விரல்நுனி அளவு பேஸ்ட், கண்ணாடிக்கு அம்மோனியா இல்லாத தெளிப்பான். தேய்ப்பதென்றால் நேர்கோட்டில், முன்னிருந்து பின்னாக. வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும் என்பது அவருடைய வேதம்.

துணிகளுக்கு ஆள் அவள். கடையில் வாங்குகிற துணியின் ஓரத்தில் மடித்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் பெயிண்ட்டைக் கீறும். குடியிருப்பின் வாசலை ஒட்டிய சின்ன அறையில் ஊராருடைய துணிகளைப் பிரித்துத் தைக்கிறவளுக்கு இது பெரிய வேலையா? ஒவ்வொரு துணியின் ஓரத்தையும் பிளேடால் பிரித்து, பிசிறை நீவி, எட்டாக மடித்து அடுக்கி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவார். எந்த நேரத்தில் எந்தத் துணி, எந்த டப்பா என்று அவளாகத் தெரிந்து வைக்க வேண்டும். தவறினால் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும். திட்டமாட்டார். நிற்கும்.

"மெதுவா," என்பார், அவள் துடைக்கும்போது. அவள் எதைச் செய்தாலும் அதுதான். "மெதுவா... நீ சட்டி தேய்க்கல."

கல்யாணமான புதிதில் ஒருமுறை கீழே விழுந்த துணியை உதறிக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு மணல் துகள் இருந்திருக்கிறது. கதவில் முடியளவு மெல்லிய கீறல். மறுநாள் காலையிலிருந்து, அலுவலகம் கிளம்புவதற்கு முன்பு, அவளைக் கீழே கூட்டிப்போய் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தக் கீறலில் வைப்பார்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

அதைச் சொன்ன பிறகுதான் கிளம்புவார். இப்படி ஒருநாள் இரண்டு நாள் அல்ல, முழுதாக ஒரு வருடம். சில நாள் விரலுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டிவிடுவார். உறை மாட்டிய விரலுக்குப் பெயிண்டில் உள்ள சிறு பொருக்குக்கூடப் பத்து மடங்காகத் தெரியும். களிமண் தேய்க்கலாமா வேண்டாமா என்று தொழில்காரர்கள் பார்க்கிற வழி அது. "கண்ணை நம்பாதே. கண்ணு பளபளப்புக்கு ஏமாந்துடும். விரல் ஏமாறாது," என்பார். அந்தப் பாடத்தை அவள் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் இந்தக் கதைக்கு இந்த முடிவு வந்திருக்காது.

அடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

அவளுக்கு எட்டாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அவர் அப்போதுதான் முழுக் காருக்கும் மெழுகு பூசி முடித்திருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு இடுப்பில் வெட்டியது போல வலி, பிறகு இரத்தம். படியில் உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"மெழுகு இன்னும் காயல. மழையில எடுத்தா மொத்தமும் போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ, வாடகை வண்டி பிடிச்சிட்டு வரேன்," என்றார். கிளம்புவதற்கு முன் காருக்கு உறை போட்டார், நான்கு மூலையிலும் கயிறு கட்டினார். நிதானமாக, ஒரு சுருக்கம் இல்லாமல். வாடகை வண்டி கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது.

ஆண் குழந்தை. அழவே இல்லை. "ஒரு அரை மணி முன்னாடி வந்திருக்கலாமே," என்றாள் மருத்துவமனை நர்ஸ், குற்றம் சொல்லும் தொனியில்கூட அல்ல.

அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. மூன்று வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். தையல் அக்கா துணியின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அவர் மனதிலும் அந்த நாள் எங்கேயோ முள்ளாகக் கிடக்கும், வெளியே சொல்ல வராத மனிதர் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். இருபத்தெட்டு வருடம் அந்தச் சமாதானத்தில்தான் வண்டி ஓடியது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, அவரைப் போலவே பழைய கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் வந்தார். இருவரும் மெழுகு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"எவ்வளவோ டப்பா வாங்கிட்டேன்," என்றார் கார்காரர். "ஒரு மழை நாள்ல பூசினேன் பாருங்க, என் பையன் செத்துப் பிறந்த அன்னிக்கு, அந்தக் கோட்டிங் மாதிரி அப்புறம் அமையவே இல்ல. ஆறு மாசம் நின்னுச்சு. தண்ணி பட்டா முத்து முத்தா உருண்டு ஓடும்."

அவர் குரலில் ஏக்கம் இருந்தது. மெழுகுக்காக. தையல் அக்கா தேநீர்க் கோப்பையின் காதை நண்பர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவளுக்குள் எதுவோ அறுந்தது என்று நான் சொன்னால் அது மிகை. அறுந்ததெல்லாம் முன்பே அறுந்துவிட்டது. அன்றைக்கு அவள் கண்டுபிடித்தது, அவரிடம் முள் எதுவும் இல்லை என்பதை.

அடுத்த ஆறாவது மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மெழுகு பூசிக்கொண்டிருக்கும்போதே துணியும் கையுமாக முன்சக்கரத்தின் அருகே சாய்ந்தார். மாடி வீட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து, "அக்கா, சாவி எங்கே?" என்றார். அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். கார் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓடும் என்பது அன்றைக்குத்தான் நிரூபணமாயிற்று. மெழுகு காயாத காரில், பின் சீட்டில் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலையை நேராக வைத்து, ஸ்டியரிங் பக்கத்துக் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டே போனாள். வாசலில் இருந்து அதே மருத்துவமனைக்குப் பத்து நிமிடம். பத்தே நிமிடம்.

உயிர் தங்கியது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியது. தாகத்துக்கும் அதுதான், தூக்கத்துக்கும் அதுதான், சிறுநீருக்கும் அதுதான்.

"மெதுவா."

வீடு திரும்பிய முதல் வாரம் அவள் கார் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாய் ஓயாதவர். பழைய கார், அதுவும் ஒரு பெண்மணி வந்து கேட்கிறார் என்றதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பெயிண்ட்டுக்கு என்ன வயசு அக்கா?"

"என் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் மூத்தது."

"அப்போ மென்மையானது மட்டும்தான் போடணும். இந்த வெள்ளை மூடி. இதோ பாருங்க, இந்தச் சிவப்பு மூடியை மட்டும் தொட்டுடாதீங்க. லாரிக்குப் போடுற முரட்டு பேஸ்ட். உள்ள மணல் மாதிரி நறநறன்னு இருக்கும். பழைய பெயிண்ட்ல இதைப் போட்டா அடியில இருக்கிற சாம்பல் கலர் தெரிஞ்சிடும்."

"எத்தனை தடவையில தெரியும்?"

"அழுத்தித் தேச்சா நாலு தடவை போதும். அதான் வேணாங்கறேன்."

"அதுல ரெண்டு டப்பா குடுங்க."

கடைக்காரர் சிவப்பு மூடி டப்பா இரண்டை எடுத்து வைத்தார்.

"குரோம் கம்பிக்கு எது ஆகவே ஆகாது?" என்று கேட்டாள் அவள்.

"கக்கூஸ் கழுவுற ஆசிட் அக்கா. பட்டா கறுத்துப் புள்ளி புள்ளியா அரிச்சிடும். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அது வீட்லயே இருக்கு."

சரியான பொருள் எதுவென்று முப்பது வருடம் படித்தவளுக்குத் தவறான பொருள் எதுவென்று தேடி அலைய வேண்டியதில்லை. கடைக்காரரிடம் கேட்டது ஊர்ஜிதப்படுத்திக்கொள்ள. வேலையையும் அவள் கோபத்தில் கண்டபடி செய்யவில்லை. அளவெடுத்து வெட்டுகிற கை அல்லவா. ஒரு ஞாயிறு ஒரு கதவு. அடுத்த ஞாயிறு அடுத்த கதவு. குரோமுக்கு ஆசிட், சீட்டுக்குச் சலவை வெளுப்பான், ஜன்னல் ரப்பருக்கு மண்ணெண்ணெய், ஸ்டியரிங் முன்னால் உள்ள கறுப்புப் பலகைக்குத் தலைக்குத் தடவுகிற எண்ணெய், தூசு நன்றாக ஒட்டட்டும் என்று. பறவை எச்சம் விழுந்தால் ஊற வைக்காமல் காய விட்டுச் சுரண்டினாள். என்ஜின் மேல் உள்ள முன்பக்க மூடியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பால்கனியிலிருந்து நன்றாகத் தெரிகிற இடம் அதுதான்.

கீழே இருந்து பார்த்தால் வெயில் எதிரே அடிக்கும். அவருடைய முகம் தெரியாது, தலையின் நிழல் மட்டும் தெரியும். ஆனால் குரல் வரும். நார் உரசும்போதெல்லாம், பேஸ்ட் நறநறக்கும்போதெல்லாம், "மெதுவா... மெதுவா..."

கத்துங்கள், என்று அவள் மனதுக்குள் சொல்வாள். பார்த்துக்கொண்டே கத்துங்கள். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேனே, அப்படி.

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவர் சாக வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. ஒன்று அழிவதை, எதுவும் செய்ய முடியாமல், உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக அவருக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்தாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள். குடியிருப்பில் அவளுக்குப் பொறுமைசாலி என்று பெயர் கிடைத்தது. வீட்டுக்காரருக்காக அந்தக் காரையும் விடாமல் கழுவுகிறாளே என்று பெண்கள் உருகினார்கள். கார் நாளுக்கு நாள் சொறி பிடித்தது போல ஆவதைப் பார்த்தவர்களும், பாவம், தெரியாமல் எதையோ போடுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

எதற்கும் ஒரு விலை உண்டென்பதால் அவள் உள்ளங்கை போயிற்று. ஆசிட்டும் தூளும் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, விரல்நுனிகள் வெடித்து, மீன் செதில் போல ஆயின. கையுறை போட்டுக்கொள்ளலாம், ஏனோ அது அவளுக்குத் தோன்றவில்லை. பட்டுத் துணியைத் தொட்டால் விரலில் இழை மாட்டி இழுத்தது. கல்யாண உடை கொடுத்திருந்த ஒரு பெண் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். போகட்டும் என்றாள் தையல் அக்கா.

எரிச்சல் வேறொன்றில்தான். அவர் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார். எப்போதும் பாதி. தட்டின் ஒரு பக்கத்தைத் துடைத்துத் தின்றுவிட்டு மறுபக்கத்தைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். இந்த நிலையிலும் அடம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மிச்சத்தை மூடி வைத்து அடுத்த வேளைக்கு அதையே வைத்தாள். அப்போதும் பாதி. சில நாள் அவர் பசியில் "மெதுவா, மெதுவா" என்று முனகினார். தட்டு எதிரிலேயே இருக்கிறதே, தின்ன வேண்டியதுதானே என்று அவள் தையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்படி ஒரு வருடம் ஓடிய பிறகு மகள் பத்து நாள் விடுமுறையில் வந்தாள். காரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னம்மா இப்படி ஆயிடுச்சு?"

"அதுக்கும் வயசாச்சுல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பால்கனியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தையல் அக்கா கீழே முன்பக்க மூடியில் சிவப்பு மூடி டப்பாவைக் காலி செய்துகொண்டிருந்தாள். நடுவில் ஒரு கையகலத்துக்குச் சாம்பல் தெரிந்துவிட்டிருந்தது. மேலே வந்தபோது மகள் யோசனையாக இருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியலையோன்னு தோணுது. இந்தப் பக்கம் நின்னா என்னைப் பாக்கவே மாட்டேங்கறார்."

மறுநாள் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். மருத்துவர் ஒரு பேனாவை அவர் முகத்துக்கு எதிரே இப்படியும் அப்படியும் நகர்த்தினார். நடுவைத் தாண்டி வலப்பக்கம் போனதும் அவருடைய பார்வை அதைத் தொலைத்துவிட்டு நின்றது.

"கண்ணுல குறை இல்லம்மா," என்றார் மருத்துவர். "மூளையில பாதிப்பு. ரெண்டு கண்ணுலயும் வலது பாதி கிடையாது. பக்கவாதம் வந்த அன்னிலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும். சாப்பாட்டைத் தட்டுல பாதி மிச்சம் வைப்பாரே?"

"வைப்பார்," என்றாள் தையல் அக்கா.

"அந்தப் பாதி அவருக்குத் தெரியாது. தெரியலைங்கறதும் தெரியாது. தட்டைக் கொஞ்சம் திருப்பி வெச்சிருந்தா சாப்பிட்டிருப்பார்."

மகள், அம்மா சாப்பாட்டை நினைத்து வருந்துகிறாள் என்று எண்ணி அவள் தோளைத் தடவினாள்.

"டாக்டர், ஒரு சாமான் அவருக்கு வலது பக்கம், கீழே இருந்தா?"

"அவரைப் பொறுத்தவரைக்கும் அது இல்லவே இல்ல. ஆனா காது நல்லா கேக்குதே. சத்தத்தை வெச்சுப் புரிஞ்சுக்குவார்."

"ஆமா டாக்டர்," என்றாள் மகள். "நேத்துகூட அம்மா கார் கழுவினப்போ பக்கத்துல நின்னு பாத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. கண்ணை மூடிட்டு, சிரிச்சிட்டே, மெதுவா மெதுவான்னு அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கறார். ஒரு வருஷமா அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்னு நினைக்கறேன்."

ஒரு வருடம். ஐம்பத்திரண்டு ஞாயிறு. அவள் உள்ளங்கைத் தோல், பட்டுத் துணி, வெயில், ஆசிட் நெடி. அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர். விழலுக்குக்கூட இல்லை, அவருக்கே இறைத்திருக்கிறாள். தன் கார் நல்ல கையில் இருக்கிறது, மனைவி விடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று மனிதர் ஒரு வருடம் நிம்மதியாக உட்கார்ந்து வெயில் காய்ந்திருக்கிறார். சிரித்திருக்கிறார்.

மருந்துக் கடையில் சொட்டு மருந்தும் மாத்திரையும் வாங்கி, வாடகை வண்டியில் வீடு வந்து சேர்ந்தார்கள். பிற்பகல் வெயில். லிஃப்டில் எதையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டுட்டு வரேன்," என்று மகள் உள்ளே போனாள். தையல் அக்கா நாற்காலியைக் காரை நோக்கித் தள்ளினாள்.

முன்பக்க மூடியை ஒட்டி, அவருடைய நல்ல பக்கம், இடப்பக்கம், காரைத் தொடுகிறபடி நிறுத்தினாள். அவர் பார்த்திருப்பார்தான். ஆனால் எதிர் வெயிலில் மூடி மொத்தமும் வெள்ளையாகக் கண்ணைப் பறித்தது. பளபளப்பு என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டினார்.

அவள் மாத்திரைகளை அவர் மடியில் கொட்டிவிட்டு, அவை இருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை அவருடைய இடது கை விரல்களில் மாட்டினாள்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதைத்தான் அவளால் பிறகும் மறக்க முடியவில்லை. அந்த முகம் குழந்தை முகம் போல விரிந்தது. இவ்வளவு நாள் கழித்துத் தன்னைக் காரிடம் கூட்டிவந்திருக்கிறாள், தன் வேலையைத் தன்னிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நன்றியோடு அவளைப் பார்த்தார்.

"மெதுவா," என்றார், செல்லமாக.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை மூடியின் மேல் வைத்தாள். முன்னிருந்து பின்னாக, நேர்கோட்டில், அவர் கற்றுக்கொடுத்தபடியே இழுத்தாள்.

முதல் சாண் தூரத்தில் சிரிப்பு நின்றது. விரல்கள் தயங்கின, திரும்பி வந்து அதே இடத்தை மறுபடி தொட்டன. பிறகு அவள் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவை தாமாகவே போயின. வட்டக் கீறல்களின் மேல், காய்ந்த சோப்புத் திட்டுகளின் மேல், நடுவில் பெயிண்ட் முடிந்து சாம்பல் தொடங்குகிற விளிம்பில். அந்த விளிம்பில் அவை நின்றன.

"தெரியுதா?" என்று கேட்டாள் அவள்.

அவர் விரல்கள் மூடியை விட்டு எழுந்து, மணிக்கட்டை விட்டுவிட்ட அவளுடைய கையைத் தேடி வந்தன. உறையோடு அவள் உள்ளங்கையைத் தொட்டன. வெடிப்புகளை, உரிந்த தோலை, செதிலான விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவின. ஒரு நாள் வேலையில் கை இப்படி ஆகாது. தெரியாமல் செய்கிறவளுக்கும் ஆகாது. வாழ்நாள் முழுக்க விரலால் பொய்யைக் கண்டுபிடித்த மனிதர், அவளை முழுதும் படித்து முடித்தார். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாய் கோணிக்கொண்டு கண்ணீர் வழிந்தது. சத்தம் இல்லை.

"அந்த மழை நாள் கோட்டிங் இன்னும் இருக்கான்னு பாத்தேன்," என்றாள் அவள். "போயிடுச்சுங்க."

மகள் ஓடிவந்தாள். "என்னம்மா, அப்பா ஏன் அழறார்?"

"காரைத் தொட்டுப் பாத்தார். ரொம்ப நாளாச்சுல்ல."

மகளுக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு, "உன்னை மாதிரி யாரும்மா இருப்பா," என்றாள். மூன்று நாள் கழித்து, அம்மா இருக்கும்வரை அப்பாவுக்குக் குறையில்லை என்ற நிம்மதியோடு ஊருக்குக் கிளம்பினாள்.

அன்றிலிருந்து அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்தால் குடித்தார், கேட்கவில்லை. தட்டை இடப்பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு உதட்டை மூடிக்கொண்டார். படுக்கை நனைந்தால் நனைந்தபடி கிடந்தார். மருத்துவரிடம் சொன்னால், சில பேருக்கு மிச்சம் இருக்கிற பேச்சும் போவதுண்டு என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம் போல அவரைப் பால்கனியில் வைத்துவிட்டுக் கீழே போனாள். வாளி நிறைய நுரை. நாரால் மூடியில் நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மேலே நிழல் மட்டும் இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒன்றுமில்லை. வாளியைக் கவிழ்த்து, நாரை அதற்குள் போட்டுக்கொண்டு மேலேறி வந்தாள்.

வெற்றி கிடைத்தவளுக்கு ஏன் இப்படி வயிறு காய்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு வருடம் அந்தச் சொல்லைத் தின்று உயிர் வாழ்ந்திருக்கிறாள். அது சிரிப்பில் சொன்ன சொல் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வாள்? குழந்தை அழவில்லை, இவரும் பேசவில்லை. நடுவில் இருந்து என்ன செய்வாள்?

அவரைக் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சட்டையைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, முதுகுக்குத் துணியை எடுத்தாள். அவருடைய பழைய அடுக்கிலிருந்து ஒன்று, ஓரம் பிரித்தது, எட்டாக மடித்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, வாளியில் கிடந்த பச்சை நாரை எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "வலிச்சா சொல்லுங்க."

தேய்த்தாள். தோல் சிவந்தது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவை."

அவர் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே, இன்னும் கொஞ்சம் அழுத்தி, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள்.